எலும்பில் ஒரு நங்கூரம்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றும் விரல்களை ரசித்தவர்களுக்கு, தோள் அறுவை மருத்துவரின் முடிச்சும் பிடிக்கும். தசைநாண் எலும்பைவிட்டுக் கிழிந்தால், முன்பு எலும்பைக் குடைந்து நூல் கோத்தார்கள். இப்போது பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தடிமனில் ‘ஆங்கர்’ (நங்கூரம்) எனும் குட்டித் திருகாணி: டைட்டானியம், பிளாஸ்டிக், அல்லது உடலிலேயே கரைவது. அதன் காதில் வலுவான பாலிஎத்திலீன் இழை. மூட்டுக்குள் நுழைக்கும் ஆர்த்ராஸ்கோப் கேமராவில் பார்த்தபடி, வெளியே போட்ட முடிச்சைச் சிறு துளைவழி வழுக்கி உள்ளே தள்ளி இறுக்குகிறார்களே, அதுதான் அழகு. முடிச்சே வேண்டாத ஆங்கர்களும் வந்துவிட்டன. வசதிதான், ரசிக்க ஒன்றுமில்லை. மெலிந்த எலும்பென்றால் திருகாணி பிடுங்கிக்கொள்ளும். அதிகம் இறுக்கினால் இழையே நாணை அறுக்கும். நாண் எலும்போடு ஒட்டச் சில மாதமாகும், அதுவரைதான் இழைக்கு வேலை. அதற்குள் குடம் தூக்கினால் எல்லாம் வீண்.