எல்லோருக்கும் அரிசி: தமிழ்நாட்டு ரேஷன் கடையின் பலமும் குறையும்

தமிழ்நாட்டில் வருமானம் குறைந்த ஒரு குடும்பத்துக்கு அரசின் உதவி மாதந்தோறும் தவறாமல் கைக்கு வந்து சேரும் இடம் ரேஷன் கடை. மாநிலம் முழுக்க 34,000-க்கும் மேற்பட்ட நியாயவிலைக் கடைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 2.2 கோடி குடும்ப அட்டைகள் புழக்கத்தில் உள்ளன. அட்டை வைத்திருக்கும் குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்று கடையில் யாரும் கேட்பதில்லை. அரிசி அட்டை இருந்தால் அரிசி உண்டு. இந்த ஏற்பாட்டைப் பொது விநியோகத் திட்டத்தின் அனைவருக்குமான வடிவம் என்பார்கள். அதன் நன்மைகளில் பெரும்பாலானவையும், அதன் மீதான விமர்சனங்களில் பாதியும் இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டில் வேர்விட்ட முறை இது. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்று வாக்களித்தது. அண்ணா முதல்வரானதும் சென்னையிலும் கோவையிலும் அது தொடங்கியது. நிதிச்சுமை காரணமாக மாநிலம் முழுவதும் பரவவில்லை. ஆனால் அரிசி விலை என்பது ஆட்சியின் பொறுப்பு என்ற எண்ணம் அப்போதே ஊன்றிவிட்டது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானபின் கொள்முதல், கிடங்கு, கடைகளுக்கு அனுப்புதல் என்ற தொடர் ஒரே கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய் என்று 2006-லும், 1 ரூபாய் என்று 2008-லும் இறங்கியது. 2011 ஜூன் முதல் விலையே இல்லை. கட்சி மாறியும் திட்டம் மாறவில்லை. 2006-க்குப் பிறகு வந்தவர்கள் விலையைக் குறைத்தார்களே தவிர யாரும் ஏற்றவில்லை.

1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. தமிழ்நாடு பின்பற்றவில்லை. இந்த முடிவு சரிதானா என்பதற்கு மற்ற மாநிலங்களின் அனுபவமே விடை. ஏழைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் எந்தப் பட்டியலிலும் இரண்டு வகைப் பிழை நேரும். வசதியுள்ளவர் உள்ளே வருவது ஒன்று. ஏழை வெளியே நிற்பது மற்றொன்று. முதற்பிழையில் அரசின் பணம் வீணாகும். இரண்டாம் பிழையில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டையும் ஒரே எடையில் வைக்கக் கூடாது என்று பொருளியலாளர் மதுரா சுவாமிநாதன் போன்றோர் அக்காலத்திலேயே வாதிட்டனர். தினக்கூலி வேலை செய்பவரின் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். மழைக்காலத்தில் கட்டட வேலை நிற்கும். ஒரு அறுவைச் சிகிச்சை வந்தால் ஐந்தாண்டுச் சேமிப்பு கரையும். நேற்றுக் கணக்கெடுத்த பட்டியலுக்கு இன்றைய வறுமை தெரியாது.

அனைவருக்கும் என்பதில் இன்னொரு பலமும் உண்டு. ஆசிரியர் வீட்டுக்கும் கூலித் தொழிலாளி வீட்டுக்கும் ஒரே கடை என்றால், கடை திறக்காத நாளில் கேள்வி கேட்கப் பல பேர் இருப்பார்கள். ஏழைகள் மட்டுமே வரும் கடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கூடவே, தமிழ்நாட்டுக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன; சிலவற்றை வாணிபக் கழகமும் மகளிர் குழுக்களும் நடத்துகின்றன. வட மாநிலங்கள் பலவற்றில் கடை தனியார் உரிமதாரர் கையில் இருக்கிறது. கமிஷன் கட்டுப்படியாகாதபோது அவர் அரிசியை வெளியே விற்றுத்தான் பிழைக்கிறார். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் விற்பனையாளருக்கு அந்த நெருக்கடி அவ்வளவு இல்லை. பொருளியலாளர்கள் ஜீன் திரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் முன்னின்று 2011-ல் ஒன்பது மாநிலங்களில் நடத்திய கள ஆய்வில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றதற்கு இந்த அமைப்பு முக்கியக் காரணம்.

தனக்குத் தேவையில்லை என்பவர் தாமாக விலகவும் இம்முறையில் வழி உண்டு. ரேஷன் அரிசி வேண்டாம் என்பவர் சர்க்கரை அட்டை எடுத்துக்கொள்ளலாம். எதுவுமே வேண்டாம் என்பவருக்குப் பொருளில்லா அட்டை. அதிகாரி வந்து வீட்டில் டிவி இருக்கிறதா என்று பார்த்து எழுதாமல், குடும்பமே முடிவு செய்வதால் இந்தப் பிரிவினை யாரையும் புண்படுத்தவில்லை. ஆனால் அட்டையின் மேல் பணத்தை ஏற்றத் தொடங்கியதும் இந்த நயமான ஏற்பாடு குலைந்தது. பொங்கல் பரிசுத் தொகையும், 2021-ல் கொரோனா நிவாரணமாகத் தரப்பட்ட 4,000 ரூபாயும் அரிசி அட்டைக்கே கிடைத்தன. அரிசியே வாங்காதவர்கள் தங்கள் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றக் கேட்டார்கள். மாற்றிக்கொள்ள அரசும் வாய்ப்பளித்தது. பணம் வாங்க வைத்திருக்கும் அட்டையின் பெயரால் ஒதுக்கப்படும் அரிசி எங்கே போகும்? கேரளம், ஆந்திரம், கர்நாடக எல்லைகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் அரிசியில் ஒரு பங்கு இப்படி வாங்கப்படாமல் நின்றதுதான். இன்னொரு பங்கு, வாங்கிய குடும்பமே கிலோ சில ரூபாய்க்கு விற்றது. அந்த விற்பனையைக் குற்றமாக மட்டும் பார்ப்பது முழுப் பார்வை ஆகாது. சமைக்க முடியாத தரத்தில் அரிசி வரும் மாதத்தில் அதை மாவரைக்கவோ கோழித் தீவனத்துக்கோ கொடுத்துவிட்டு, அந்தக் காசில் வெளிக்கடை அரிசி வாங்கும் குடும்பங்கள் ஏராளம்.

தரமும் எடையும் இம்முறையின் பழைய புண். கிடங்கிலிருந்து கடைக்கு வரும் சாக்கு 50 கிலோ என்று கணக்கில் ஏறும். இறக்கும்போது அதில் இரண்டொரு கிலோ குறைவு என்பது விற்பனையாளர்கள் நீண்ட நாளாகச் சொல்லும் குறை. ஆய்வுக்கு வரும் அதிகாரி இருப்பைக் கணக்கிட்டுக் குறைவு கண்டால் அபராதம் விற்பனையாளர் தலையில்தான். அவர் அதை எங்கே ஈடு கட்டுவார்? தராசில். 20 கிலோ வாங்கும் பெண் வீட்டில் நிறுத்துப் பார்த்தால் 19 கிலோவுக்கும் குறைவாக இருக்கும். அவர் கடைக்காரரைத் திட்டுவார். திருட்டோ சிந்தலோ அதற்கு வெகு முன்பே நடந்திருக்கும். இதோடு, கூட்டுறவுச் சங்கம் இலக்கு வைத்து அனுப்பும் உப்பையும் டீத்தூளையும் வாங்கினால்தான் பருப்பு என்ற நிர்ப்பந்தம் வேறு. கடைநிலை ஊழியரின் சம்பளத்தையும் கிடங்கு எடையையும் சரிசெய்யாமல் தராசை மட்டும் கண்காணிப்பது பொறுப்பை வலுவில்லாதவர் மேல் தள்ளுவதாகும். தராசையும் பில் போடும் இயந்திரத்தையும் இணைத்தபோது ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததன் நியாயம் இதில் இருக்கிறது. வாங்குபவருக்கு அந்த இணைப்பு நல்லதே. ஆனால் அதே கண்டிப்பு கிடங்கு வாசலிலும் வேண்டும்.

2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020-ல் கைரேகை. வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் கைபேசியில் குறுஞ்செய்தி வரும்போது குடும்பத்துக்கு உடனே தெரிந்துவிடுகிறது என்பது உண்மையான முன்னேற்றம். கைரேகை அப்படித் தெளிவான லாபம் இல்லை. பாத்திரம் தேய்த்தும் செங்கல் சுமந்தும் ரேகை அழிந்த விரல் இயந்திரத்தில் பதிவதில்லை. ஈரத்துணியில் துடைத்து, அடுத்த விரலை வைத்து, மறுபடி துடைத்து, கடைசியில் ‘நாளைக்கு வாம்மா, சர்வர் இல்லை’ என்று திருப்பியனுப்பப்படும் மூதாட்டிக்கு அந்த நாளின் கூலி போகிறது. கருவிழிப் பதிவு வந்தபின் சிரமம் ஓரளவு குறைந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. முதியவரின் முழங்கால் வலியை நிர்வாகம் கணக்கில் எடுத்துக்கொண்ட இது பாராட்டத்தக்க மாற்றம்.

கடையைவிட அட்டையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. அனைவருக்கும் என்பது அட்டை உள்ள அனைவருக்கும் என்றே நடைமுறையில் பொருள்படுகிறது. புதிய அட்டைக்குத் தனிச் சமையல், முகவரிச் சான்று, பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கம் எல்லாம் வேண்டும். கணவனைப் பிரிந்து பெற்றோர் வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் பெண்ணிடம் விவாகரத்துத் தீர்ப்பும் இருக்காது, தனி அடுப்பும் இருக்காது. வட்ட வழங்கல் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்குமாக அவர் அலைகிறார். நடைபாதைவாசிகள், இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் செங்கல் சூளைக் குடும்பங்கள், இருளர் குடியிருப்புகளில் ஆவணம் ஏதும் இல்லாதவர்கள் ஆகியோரும் இப்படியே விடுபடுகிறார்கள். உதவி மிகவும் தேவைப்படுவோர் இவர்கள். வருமானத்தைக் கேட்காத முறை, அதற்குப் பதிலாக முகவரியைக் கேட்கிறது.

அடுத்தது உணவின் குணம். ரேஷன் பசியை வென்றிருக்கிறது, சத்துக்குறைவை வெல்லவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை. முந்தைய ஆய்வில் குழந்தைகளின் அளவு 50.7 விழுக்காடு. அரிசி நிறையக் கிடைப்பதாலேயே தட்டில் மற்றவற்றுக்கு இடம் குறைகிறது. 2007-ல் துவரம்பருப்பையும் உளுந்தையும் பாமாயிலையும் மானிய விலையில் தரத் தொடங்கிய சிறப்புத் திட்டம் சரியான திசையில் வைத்த அடி. ஆனால் உளுந்து பின்னாளில் நின்றது. துவரம்பருப்பும் டெண்டர் தாமதமானால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். 2024 மே மாதத்துப் பருப்பும் பாமாயிலும் பலருக்கு ஜூனில்தான் கிடைத்தன. செறிவூட்டிய அரிசியைக் கலந்து இரும்புச்சத்தை ஏற்ற முயல்கிறார்கள். விளக்கம் சரியாகச் சொல்லப்படாததால், அது பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியும் வீடுகளும் உண்டு. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது இதைவிட நல்ல வழி. அந்த ஊர்களில் கேழ்வரகுக் களி பழகிய சாப்பாடு. உள்ளூர் விவசாயிக்கும் விற்பனை கிடைக்கும்.

செலவு பற்றிய கேள்வி எப்போதும் எழும். உணவு மானியத்துக்கு மாநில அரசு ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் செலவிடுகிறது. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் ஊரகத்தில் 62.55 விழுக்காட்டினரையும் நகர்ப்புறத்தில் 37.79 விழுக்காட்டினரையும் மட்டுமே முன்னுரிமைக்குள் கொண்டுவருகிறது. 2016 நவம்பரில் அச்சட்டத்தை ஏற்றபோதும் மாநிலம் மற்றவர்களைக் கைவிடவில்லை. அவர்களுக்கான அரிசியின் சுமையைத் தானே ஏற்றது. அட்டைகளில் முன்னுரிமை, முன்னுரிமையற்றது என்று அச்சாகியிருந்தாலும் அரிசி இருவருக்கும் உண்டு. வசதியுள்ளவரை நீக்கினால் மிச்சமாகும் என்ற வாதம் காகிதத்தில் எடுபடும். 2023 செப்டம்பரில் தொடங்கிய, குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் பணம் தரும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் வருமானம், நிலம், மின்நுகர்வு என்று வரம்புகள் வைத்தபோது, லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டு, பெண்கள் மேல்முறையீட்டுக்கு அலைந்ததை மாநிலமே பார்த்தது. அரிசிக்கும் அதே வரம்பு வந்தால் அதே அலைச்சல் வரும். இந்தத் தடவை அது சோற்றுக்கான அலைச்சலாக இருக்கும்.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. பண உதவியை அரிசி அட்டையிலிருந்து பிரித்துவிட்டால், அரிசி வேண்டாதவர் மறுபடி தாமாக விலகுவார். அதில் குறையும் அரிசியின் பணத்தைப் பருப்புக்கும் சிறுதானியத்துக்கும் திருப்பலாம். நேரடிக் கொள்முதல் நிலையங்களில் தார்ப்பாய்க்குக் கீழே நனைந்து முளைவிடும் நெல்லைக் காக்கக் கூரையுள்ள கிடங்கு கட்டினால் அரிசியின் தரம் அங்கேயே உயரும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்க வேண்டியது, அட்டை இல்லாதவரைத் தேடி வட்ட வழங்கல் அலுவலரே சூளைக்கும் நடைபாதைக்கும் போய், இருக்கும் இடத்தையே முகவரியாக ஏற்று அட்டை எழுதித் தருவது.