எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எட்டாவது கிராஸை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன டியூஷன் மையம் நடக்கிறது. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், சம்பிகே ரோட்டில் பூ விற்கிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள் மாலையில் அங்கே படிக்க வருகிறார்கள். ஆண்டறிக்கை எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன். நன்கொடை தந்த நிறுவனத்தின் படிவத்தில் ‘பயனாளிகள் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம். பதிவேட்டில் 64 பெயர்கள். அன்று பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் 31 பேர். 64 என்றே எழுதினோம். அந்த எண் பொய்யல்ல. ஆனால் யார் என்ன கற்றார்கள் என்று அது வாய்திறக்கவில்லை.

தலை எண்ணுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து ராஜாஜிநகரில் வளர்ந்த அட்சய பாத்திரம் அமைப்பு 2000-இல் ஐந்து பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்தது. 2019 பிப்ரவரியில் 300 கோடியாவது சாப்பாட்டை எட்டியது. இத்தனை சாப்பாடு போனது என்பதைப் பள்ளி வருகைப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பணம் போட்டவருக்கு அது பெரிய உத்தரவாதம். ஆனால் அதே காலத்தில் வெங்காயம், பூண்டு சேர்க்காத அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்களா என்ற விவாதம் கர்நாடகத்தில் கிளம்பியது. சத்து அளவு விதிமுறைப்படி இருக்கிறது என்றது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இருக்கலாம். தட்டில் மிஞ்சியது எவ்வளவு என்பதற்கு 300 கோடி என்ற எண்ணிலும் பதில் இல்லை, சத்து அட்டவணையிலும் இல்லை.

இந்த இடைவெளியை எல்லோருக்கும் புரிகிற மாதிரி காட்டியது பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ‘அசர்’ ஆய்வுதான். 2022 அறிக்கைப்படி, கிராமப்புறத்தில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 98.4 சதவீதம் பேர் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 42.8 சதவீதம். வீட்டு வாசலில் பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள், அவ்வளவே. நல்ல அளவீட்டுக்குப் பெரிய கருவி தேவையில்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சட்டமும் அசைந்திருக்கிறது. சராசரியாக 10 கோடி ரூபாய்க்குக் குறையாமல் சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்க வேண்டிய கம்பெனிகள், ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களின் தாக்கத்தை வெளியாட்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் சந்து மையங்கள் அந்த வரம்புக்குள் வருவதே இல்லை. அவற்றுக்குப் பழைய கட்டம்தான். இதோடு, நிர்வாகச் செலவு குறைந்தால் நல்ல தொண்டு என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டு நன்கொடைக்கான 2020 சட்டத்திருத்தம் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறக்கியது. ஊதாரித்தனத்துக்குக் கடிவாளம் வேண்டியதுதான். ஆனால் படிப்பை நிறுத்திய பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும்.

அன்று கிளம்பும்போது ஆசிரியை தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். நின்றுபோனவர்களின் பெயர்கள், எதிரே காரணம்: தம்பியைப் பார்த்துக்க. அம்மாகூட வேலைக்கு. வீடு மாறி யஷ்வந்தபுரம். “இதை யாரும் கேட்டதில்ல சார்” என்றார்.

நன்கொடை கொடுப்பவர்களே, அடுத்த முறை படிவத்தோடு அந்தக் கடைசிப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் பெயர்கள் இருப்பதற்காகப் பணத்தை நிறுத்திவிடாதீர்கள்.