சுயவிருப்பம் என்கிற சொல் பற்றி

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று வைத்தது. 7,469 புதிய வீடுகள் உள்ளிட்ட திட்டங்களுக்கு 317.40 கோடி ரூபாய். வீடு வேண்டியதுதான், அதில் தகராறு இல்லை. ஆனால் பலகையை மாற்றும் அதிகாரம்தான் மாநிலத்துக்கு உண்டு. மத்திய அரசின் சொல்லாடலில் இவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை; ஆகவே அகதி என்ற சட்டப் பிறவியே இங்கு கிடையாது.

ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணை, ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை. இரண்டு இடத்திலும் முகாம். ஊர் முடிகிற இடத்தில்தான் அரசு இவர்களைக் குடிவைத்தது. பெங்களூரின் கழிவு தென்பெண்ணை வழியாக வந்து கெலவரப்பள்ளியில் நுரையாகப் பொங்குகிறது. அதை எல்லையில் யாரும் நிறுத்துவதில்லை. அத்திப்பள்ளி தாண்டி பெயிண்ட் அடிக்கப் போகிற முகாம்வாசிக்கு மட்டும் தணிக்கை நாளுக்குள் திரும்பியாக வேண்டும். ஆர்.ஐ. வந்து தலையை எண்ணும்போது ஆள் இல்லன்னா பதிவை வெட்டிடுவாங்க, பணக்கொடை போச்சு. போதாததற்கு கியூ பிரிவு போலீஸ். சிப்காட் வளர்ந்த இதே வட்டாரத்தில் புகார் சொல்ல முடியாத தினக்கூலிக்குக் கிராக்கி உண்டு என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கண்காணிப்பை வாசிக்க வேண்டும்.

இன்னொன்று. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் கர்நாடகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகத்துக்கு ஓடிவந்தார்கள். அவர்களிடம் யாரும் 'விருப்பம்' கேட்டுப் படிவம் நீட்டவில்லை. குடிமக்கள் என்பதால். அடுத்த மாதமே, 1992 ஜனவரியில், ஈழ அகதிகளைத் திருப்பி அனுப்புவது தொடங்கியது.

ராஜீவ் கொலைக்குப் பின் முகாம் பிள்ளைகளுக்குப் படிப்பு இடங்கள் மறுக்கப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் உள்ளே போகத் தடை வந்தது. இதையெல்லாம் செய்துவிட்டு 'போறீங்களா?' என்று கேட்டால் வருகிற பதிலுக்குப் பெயர்தான் சுயவிருப்பம். புரியாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நெடுமாறனும் மருத்துவர் ராமதாஸும் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் விருப்பத்தைச் சரிபார்க்கிறதே, பிறகென்ன என்கிற இடத்தில் நீதிமன்றம் நின்றுகொண்டது. அந்த ஆணையத்துக்கோ முகாமுக்குள் போக அனுமதியே இல்லை! 1995 மார்ச் வரை சுமார் 54,000 பேர் போனார்கள். போர் முடியாத நாட்டுக்கு.

திபெத்தியர்களுக்கு பைலகுப்பேயில் நிலம் கொடுத்த அதே இந்திய அரசுதான் இது. ஆக, முடியாது என்பதல்ல விஷயம். அகதி எந்த எதிரியிடமிருந்து ஓடிவந்தான் என்பதைப் பார்த்துக் கொள்கை மாறுகிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழர் நிலைமை இன்னும் மோசம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் தலைகளைப் பங்கு போட்டதில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒத்துக்கொண்டது. அந்த வம்சாவளியினரே இன்று நாடற்றவர்களாக வரிசையில் நிற்கிறார்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், இந்தியா தர்மசாலை அல்ல என்றது. அதே மாதம் ஐ.நா. ஆணையத்தின் மூலம் நாடு திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு ஆவணமின்றி வெளியேறினார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் குடிவரவுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு. ஜெயில் இல்லை, அவ்வளவுதான். குடியுரிமைப் பேச்சே அதில் கிடையாது.

சட்டத்தில் திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்க மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்ட முகாம்களில் அப்படிப் பிறந்தவர்கள் யார் யார், யாரிடம் பிறப்புச் சான்று இருக்கிறது என்று பட்டியல் எடுப்பதற்கு நமக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.