அல்லியின் வாளும் தெபொராளின் பாட்டும்

பெண்கள் பொறுப்பேற்று நடத்தும் இடத்தை "அல்லி ராஜ்யம்" என்று எள்ளி உரைப்பது நம் மக்களிடையே வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் திருத்தணி வட்டாரத்துச் சேகரம் ஒன்றில் பெண்மணி ஒருவர் செயலராகத் தெரிந்தெடுக்கப்பட்டபோது, மூப்பர் ஒருவர் இச்சொல்லைக் கூறினார். குழுவினர் நகைத்தனர், தலைமை வகித்த நானும் நகைத்தேன். பின்னர் மலையடிவாரக் கடையொன்றில் பெரிய எழுத்து அல்லியரசாணி மாலையை வாங்கி முழுவதும் படித்தேன். அந்நகைப்பு எத்துணைத் தவறானது என்பது அப்போதே விளங்கிற்று.

இந்நூல் புகழேந்திப் புலவர் பெயரால் அச்சிடப்பட்டு வந்துள்ளது. எனினும், நளவெண்பா பாடிய புகழேந்தியார் இதன் ஆசிரியர் அல்லர் என்பதே அறிஞர் துணிபு. மகாபாரதத்தின் சாயலில் நாட்டுப்புறக் கற்பனை படைத்த வீரக்கதை இது. பாண்டிய நாட்டு அல்லி இளமையிலேயே பகைவன் நீன்முகனை வென்று மதுரையை ஆள்கிறாள். பெண்களே அவளுக்குக் காவல். மணவாழ்வை அவள் நாடவில்லை. இத்தகைய பெண்ணைப் பாமர மக்களின் பாடல் படைத்துக்காட்டியது பெருஞ்சிறப்பு என்பதில் ஐயமில்லை.

ஆயின், கதை அவளை எவ்வாறு முடிக்கிறது? அருச்சுனன் அவளைப் போர்க்களத்தில் வென்று மணந்தானல்லன். கண்ணன் துணையோடு பாம்புருக் கொண்டு பள்ளியறையில் நுழைந்து, உறங்குகின்றவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். விழித்தவள் சீறுகிறாள், எனினும் கதை இறுதியில் அவளை அவன் மனைவியாக்கிப் புலந்திரனின் தாயாக்கி அமைதி காண்கிறது. வாளால் வெல்ல இயலாதவளை வஞ்சத்தால் வென்றதையே கேட்போர் வெற்றியெனக் கொண்டாடுகின்றனர். வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் பெண் வேடங்களை மரபாக ஆடவரே புனைந்துவந்தனர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. அல்லியின் சீற்றமும் ஆடவர் குரலிலேயே ஒலித்துவந்தது.

இதற்கு மாறான படைப்பொன்றை ஆப்பிரிக்க மரபிலிருந்து காணலாம். கறுப்பின அமெரிக்கரான சார்லஸ் சாண்டர்ஸ் (1946–2020) தம் வீரக்கதைகளில் தோசூயே என்னும் பெண் போர்வீரரைப் படைத்தார். முதற்கதை 1979இலும், தொகுத்த நூல் 2008இலும் வெளிவந்தன. போர் எருதின்மேல் ஊர்ந்து செல்லும் அவளை எந்த ஆடவனும் வஞ்சித்து அடக்குவதாகக் கதை முடிவதில்லை. அவளுக்கு மாதிரியாக நின்றவர்கள், இன்றைய பெனின் நாட்டிலிருந்த தகோமி அரசின் பெண் படையினர். அவர்கள் 1890இலும் 1892 முதல் 1894 வரையிலும் பிரெஞ்சுப் படைகளை எதிர்த்துப் போரிட்டனர். எனினும், போரில் பிடித்த மக்களை அடிமைகளாக விற்றுச் செழித்த அரசும் அதுவே. ஆகவே பெண் கையில் வாள் இருப்பது ஒன்றே ஒரு கதையை அறமுடையதாக்கிவிடாது. அவ்வாள் யார்மேல் விழுகிறது என்பதும் வினாவாகும்.

இவ்விரு கதைகளையும் மனத்திற்கொண்டு நியாயாதிபதிகள் 4, 5ஆம் அதிகாரங்களை மீண்டும் வாசிப்போமாக. தெபொராள் உடன்வராவிடில் செல்லேன் என்கிறான் பாராக். சிசெராவோ யாகேலின் கூடாரத்தில் உறங்குகையில் மடிகிறான். அங்கும் வஞ்சம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் தெபொராளின் பாட்டு, பலகணியருகே மகனுக்காகக் காத்திருக்கும் சிசெராவின் தாயையும் நமக்குக் காட்டுகிறது. வென்றவர்கள் சிறைப்பட்ட பெண்களைப் பங்கிட்டுக்கொண்டிருப்பர் என்று அம்மாளிகைப் பெண்களே தேற்றிக்கொள்கின்றனர். போர் பெண்களுக்கு என்ன செய்கிறது என்பதை இப்பாட்டு அறிந்திருக்கிறது. உறங்கும் அல்லிக்கு நேர்ந்ததை வெற்றியெனப் பாடிய மாலை இதனை அறியவில்லை. மேலும், தெபொராளிடமிருந்து தலைமையைப் பறித்து ஆடவனிடம் ஒப்படைத்து வேதாகமம் அவ்வரலாற்றை முடிக்கவுமில்லை.

நாமோ பிரசங்க பீடத்தில் அவ்வாறு முடித்துவிடுகிறோம். ஆடவர் தவறியதால்தான் தேவன் ஒரு பெண்ணை எழுப்பினார் என்று விளக்கம் கூறுவோர் நம்மில் பலர். அவ்விளக்கமும் உறக்கத்தில் கட்டிய தாலியே. திருத்தணிக்கு வடக்கே, ஆந்திரத்தின் நந்தியாலில், 2013இல் புஷ்பலலிதா அம்மையார் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக அருட்பொழிவு பெற்றார். அதன் பின்னரும் நம் குழுக்களில் "அல்லி ராஜ்யம்" எனும் சொல் நகைப்பை எழுப்புமாயின், நாம் தெபொராளின் பாட்டைக் கேட்டவர்கள் அல்லோம். அல்லியின் மாலையை மட்டுமே கேட்டவர்கள்.

அன்று நகைத்தமைக்காக அச்செயலரிடம் பின்னர் வருத்தம் தெரிவித்தேன். அவர் கணக்குப் புத்தகத்தை என்முன் வைத்து, "சிரித்தது போகட்டும், ஐயரே. கணக்கில் பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்றார். பிழை ஏதும் இல்லை.