கலமும் அதன் பெயர்களும்: உயிரியற் கலைச்சொற்கள் பற்றியதொரு மதிப்பீடு

விஞ்ஞானக் கலைச்சொற்களைப் பற்றி நம்மிடையே நிகழ்ந்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரேயொரு வினாவையே சுற்றி வந்துள்ளன. பிறமொழிச் சொல்லை ஒலிபெயர்த்து ஆள்வதா, தமிழ்ச் சொல்லை ஆக்கிக்கொள்வதா என்பதே அவ்வினா. தமிழகத்துப் பாடநூல்கள் 'செல்' என்கின்றன. நாம் 'கலம்' என்கின்றோம். அங்கு 'மைட்டோகாண்ட்ரியா', இங்கு 'இழைமணி'. அங்கு 'குரோமோசோம்', இங்கு 'நிறமூர்த்தம்'. இவற்றுள் எது சிறந்தது என்னும் வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆயின், ஆக்கப்பட்ட சொல் எதனைச் சொல்கின்றது, அது சொல்வது உண்மைதானா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. செய்யுளில் வரும் உருவகத்தைப் பிரித்து ஆராயும் நாம், அதே ஆராய்ச்சியை விஞ்ஞானச் சொல்லின்மீது நிகழ்த்துவதில்லை. உயிர்க்கலத்தின் அமைப்பையும் தொழிலையும் குறிக்கும் சொற்கள் சிலவற்றை அவ்வாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈழத்திலே தமிழில் விஞ்ஞானம் எழுதும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன், தமிழ்மொழி மூலம் மருத்துவம் கற்பித்ததோடு உடலமைப்பியல், உடற்றொழிலியல் நூல்களையும் தமிழிலே தந்தார். பின்னர், சுயமொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு விரிந்தபோது, அரசகரும மொழித் திணைக்களத்தின் வழியாக வெளிவந்த சொற்றொகுதிகள் இன்று நாம் வழங்கும் உயிரியற் சொற்களுக்கு நிலையான வடிவத்தை அளித்தன. அச்சொற்களை ஆக்கியோர் பெரும்பாலும் மூலச்சொல்லின் வேர்ப்பொருளை நோக்கியே பெயர்த்தனர். அவர்தம் உழைப்பின் நேர்மைக்கு இது சான்று. எனினும், வேர்ப்பொருளைப் பெயர்ப்பவர் அதிற் பொதிந்துள்ள பிழையையும் சேர்த்தே பெயர்க்கின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

முதலிற் 'கலம்' என்னும் சொல்லையே நோக்குவோம். 1665இல் றொபேட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். தேனடை போன்ற சிற்றறைகள் அவருக்குத் தெரிந்தன. ஒரு கன அங்குலத் தக்கையில் அத்தகைய அறைகள் 120 கோடிக்கு மேற்பட்டவை உள்ளன எனவும் கணக்கிட்டார். சிற்றறை என்னும் பொருள்படும் பெயர் அவ்வாறு தோன்றியது. அவர் கண்டவை உயிரிழந்த கலங்களின் சுவர்களே. பசிய தாவரப் பகுதிகளிற் சாறு நிறைந்த அறைகளையும் அவர் கண்டாராயினும், பெயர் நிலைத்தது வெற்றறைக்கே. சிலெய்டன் 1838இலும் சுவான் 1839இலும் கலக்கொள்கையை வகுத்தபோது அப்பெயர் விலங்குகளுக்கும் உரியதாயிற்று. ஆயின் விலங்குக் கலத்திற்குச் சுவரே இல்லை. இம்முரண்பாட்டை உணர்ந்த மக்ஸ் சூல்ற்சே 1861இல், கருவொன்றைக் கொண்ட முதலுருத் திரளே கலம் என வரையறுத்தார். அதாவது, பாத்திரத்தை நீக்கிவிட்டு அதனுள் இருந்த பொருளுக்கே பாத்திரத்தின் பெயரைச் சூட்டினார்.

வரலாறு அத்தோடு முடியவில்லை. சூல்ற்சே இன்றியமையாததன்று எனக் கருதிய எல்லை, பிற்காலத்தில் வேறொரு வடிவிலே திரும்பி வந்தது. 1925இல் கோட்டர், கிறெண்டல் ஆகியோர் செங்குருதிக் கலத்தின் மென்சவ்வு இரு கொழுப்புப் படைகளால் ஆனது எனக் காட்டினர். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் அப்படைகளிடையே புரதங்கள் மிதந்து நகரும் பாய்ம மாதிரியுருவை முன்வைத்தனர். பத்து நனோமீற்றருக்கும் குறைந்த தடிப்புடைய இம்மென்சவ்வு பானையின் ஓடு போன்றதன்று. எதனை உள்ளே விடுவது, எதனை வெளியே நிறுத்துவது என்பதைச் சக்தியைச் செலவிட்டு ஓயாது நிருணயித்துக்கொண்டிருக்கும் எல்லை அது. தமிழிலே 'கலம்' என்பது மட்கலத்தை மட்டும் குறிப்பதன்று, மரக்கலத்தையும் குறிக்கும். நீரின் நடுவே நின்று, நீரை வெளியே நிறுத்தி, வேண்டியதை ஏற்றியும் இறக்கியும் செல்லும் மரக்கலமே உயிர்க்கலத்திற்கு நெருங்கிய உவமையாகும். ஆதலாற் சொல்லை மாற்றவேண்டியதில்லை. அதன் எப்பொருளை மாணவர் உள்ளத்திற் பதிக்கின்றோம் என்பதே வினா.

'புன்வெற்றிடம்' என்பது அடுத்த சொல். இது மூலச்சொல்லின் நேர்பெயர்ப்பு. பிழையின் நேர்பெயர்ப்பும் அதுவே. தொடக்ககால நுணுக்குக்காட்டிகளில் ஒன்றுமில்லாததுபோலத் தோன்றியமையாலேயே அப்பெயர் எழுந்தது. முதிர்ந்த தாவரக்கலமொன்றின் கனவளவில் 80 சதவீதத்திற்கு மேலும் இப்பகுதி நிரப்பக்கூடும். அதனுள்ளே கனியுப்புகள், வெல்லங்கள், சேதன அமிலங்கள், நிறப்பொருள்கள், நொதியங்கள் ஆகியன கரைந்துள்ளன. இளந்தண்டு நிமிர்ந்து நிற்பதும், நீரற்ற இலை வாடித் தொங்குவதும் இவ்வெற்றிடத்தின் வீக்க அமுக்கத்தைப் பொறுத்தனவே.

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்றோர் றியோ இலையின் கீழ்ப்புறத்து ஊதாநிற மேற்றோலை உரித்து வெல்லக் கரைசலில் இட்ட பரிசோதனையை மறந்திரார். செறிந்த கரைசலில் ஊதாநிறம் சுவரினின்றும் விலகிச் சுருங்குகின்றது. நீரில் இட்டால் மீண்டும் விரிகின்றது. முன்னரே கொதிநீரில் இட்டுக் கொன்ற கலத்தில் இது நிகழ்வதில்லை. நிறம் வெளியே கசிந்துவிடுகின்றது. அந்நிறம் இருக்குமிடம் புன்வெற்றிடமே. கையாற் செய்து கண்ணாற் கண்ட மாணவன், மறுநாள் அதே பகுதியை 'வெற்றிடம்' என எழுதுகின்றான். தான் கண்டதும் தான் எழுதியதும் முரண்படுவதை அவனுக்கு எவரும் சுட்டிக்காட்டுவதில்லை. முரண்பாட்டைச் சுட்டியிருப்பின், அச்சொல்லே சிறந்ததொரு பாடமாகியிருக்கும்.

'நிறமூர்த்தம்' என்பதும் இவ்வகையினதே. 1888இல் வால்டேயர் இட்ட பெயரின் பொருள் நிறமுள்ள உடல் என்பதாம். அந்நிறம் உயிர்க்கலத்திற்கு உரியதன்று. ஆய்வாளர் ஊட்டிய சாயத்திற்கு உரியது. அவ்வாறு சாயமேற்ற இடங்கொடுத்த தடித்த உருவமும் பெரும்பாலும் கலப்பிரிவின்போது மாத்திரமே தோன்றுவது. மனித உடற்கலமொன்றில் 46 நிறமூர்த்தங்களாக அமைந்துள்ள டீ.என்.ஏ. இழைகளை முனையோடு முனை சேர்த்தால் ஏறத்தாழ 2 மீற்றர் நீளும். அவை சில மைக்கிரோமீற்றர் விட்டமுடைய கருவினுள்ளே அடங்கியிருப்பதும், வேண்டிய இடத்தில் மட்டும் தளர்ந்து வாசிக்கப்படுவதுமே அவற்றின் வாழ்வு. பெயரோ, அறிந்தவனின் செயலை அறியப்பட்ட பொருளின் குணமாக ஆக்கிவிட்டது.

இவற்றினின்றும் வேறுபட்டு நிற்பது 'இழைமணி'. 1898இல் பெண்டா இட்ட கிரேக்கப் பெயர் இழையையும் மணியையும் இணைத்தது. தமிழாக்கியோர் அதனை ஒரு சிறிதும் குறைக்காது பெயர்த்தனர். ஆயின் நமது பாடநூற் படங்களில் இழையைக் காணோம். அவரைவிதை போன்ற மணியே உண்டு. மிக மெல்லிய வெட்டுமுகங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கியதனால் விளைந்த படம் அது. நீண்டு கிளைத்த இழையொன்றைக் குறுக்கே வெட்டினால் மணிதான் தெரியும். உயிருள்ள கலங்களை நோக்கியோர், இழைமணிகள் நீண்டு, இணைந்து, பிரிந்து, மீண்டும் இணையும் வலையாக விளங்குவதைக் காட்டியுள்ளனர். படம் மறந்ததைச் சொல் நினைவில் வைத்திருக்கின்றது. 'மைட்டோகாண்ட்ரியா' என ஒலிபெயர்த்து ஆள்வோருக்குக் கிட்டாத நன்மை இது.

'கலத்தின் சக்தி நிலையம்' என்னும் வழக்கமான விளக்கத்தையும் ஈண்டு மதிப்பிடவேண்டும். இது பொய்யன்று. ஆயினும் எவ்வாறு என்பதை இது சொல்வதில்லை. 1961இல் பீற்றர் மிச்செல் முன்வைத்த கருதுகோள் நெடுங்காலம் ஐயத்துடன் நோக்கப்பட்டு, 1978இல் நோபெல் பரிசினாற் சிறப்பிக்கப்பட்டது. உணவின் ஒட்சியேற்றத்தால் வெளிப்படும் சக்தி, இழைமணியின் உட்சவ்வின் ஒருபுறத்தினின்று மறுபுறத்திற்குப் புரோத்தன்களைச் செலுத்துகின்றது. அவை திரும்பிவரும் வழியில் உள்ள நொதியம் சுழல்கின்றது, அச்சுழற்சியால் ஏ.ரீ.பீ. ஆக்கப்படுகின்றது. அச்சுழற்சி 1997இல் நேரடியாக அவதானிக்கப்பட்டது. ஏறத்தாழ 5 நனோமீற்றர் தடிப்புள்ள சவ்வுக்குக் குறுக்கே 150 மில்லிவோல்ற்று அழுத்த வேறுபாடு நிலவுகின்றது. மீற்றர் ஒன்றுக்கு எனக் கணித்தால் இது 3 கோடி வோல்ற்று ஆகும்.

இங்குச் சவ்வு என்பது தொழில் நடைபெறும் இடம் மட்டுமன்று. சவ்வு தடுத்து நிற்பதே தொழில். 1930களில் அமெரிக்காவில் உடல் மெலிவதற்காக வழங்கப்பட்ட இருநைத்திரோபீனோல் என்னும் மருந்து இதனைத் துயரமான முறையிலே மெய்ப்பித்தது. அது சவ்வைக் கிழிப்பதில்லை. புரோத்தன்கள் நொதியத்தின் வழியன்றிக் கசிந்து திரும்ப உதவுகின்றது. ஒட்சியேற்றம் தொடரும், சக்தியோ வெப்பமாக வீணாகும். உடல்வெப்பம் கட்டுக்கடங்காது உயர்ந்து பலர் இறந்தமையால் 1938இல் அம்மருந்தின் பாவனை அங்குத் தடுக்கப்பட்டது. உறுப்புகள் யாவும் இருந்தவாறே இருக்க, எல்லை ஒன்று தளர்ந்தமையால் உயிர் நீங்கியது.

இந்நிலையில் நமது பாடக்குறிப்புகளின் வழமையான அமைப்பை நோக்குதல் வேண்டும். இடப்பக்கத்தில் 'பகுதி', வலப்பக்கத்தில் 'தொழில்' என அட்டவணை வரையப்படுகின்றது. இழைமணி – சுவாசம்; பச்சையவுருமணி – ஒளித்தொகுப்பு; மென்சவ்வு – பாதுகாப்பு. பரீட்சைக்கு இது எளிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் இருபக்கங்களுக்கும் நடுவே இழுக்கப்படும் அக்கோடே பிழையானது. இவ்வமைப்பு இருப்பதனாலேயே இத்தொழில் நிகழ்கின்றது என்னும் காரணத் தொடர்பு, அக்கோட்டினால் அறுக்கப்படுகின்றது. 'இழைமணி சுவாசம் நடைபெறும் புன்னங்கமாகும்' என்பது பெயருக்குப் பெயர் சூட்டும் வாக்கியம். 'இழைமணியின் உட்சவ்வு புரோத்தன்களைத் தடுத்து நிறுத்துவதனால், அவை மீளும் வழியில் ஏ.ரீ.பீ. ஆக்கப்படுகின்றது' என்பதோ வினைகளால் இயங்கும் வாக்கியம். முன்னையதை மனனஞ் செய்யலாம். பின்னையதை விளங்கிக்கொண்டே எழுதமுடியும்.

'பல்கலைக்கழகம் புகுந்ததும் ஆங்கிலச் சொற்களைக் கற்கவேண்டியிருக்க, இத்தமிழ்ச் சொற்களாற் பயன் என்ன?' எனச் சிலர் வினவுவர். விஞ்ஞான பீடங்களில் ஆங்கிலமே போதனாமொழி என்பதால் இவ்வினாவை எளிதில் ஒதுக்கமுடியாது. பெயர்ப்பட்டியலை மாத்திரம் தமிழிற் கற்றவன் அதனை ஓராண்டிலே உதறிவிட்டு வேறொரு பட்டியலைக் கற்றுக்கொள்வான். அவனைப் பொறுத்தவரை அவ்வினா நியாயமானதே. ஆயின், ஒரு தொழில் ஏன் நிகழ்கின்றது என்பதைத் தன் மொழியிலே சொல்லப் பயின்றவன் எம்மொழிக்குச் சென்றாலும் அவ்விளக்கம் அவனுடனேயே செல்லும். சொற்கள் மாறலாம், காரணகாரியத் தொடர்பு மாறுவதில்லை.

எனவே, இன்று நமக்குத் தேவையானது மற்றொரு சொற்றொகுதியன்று. நம்மிடமுள்ள சொற்களை விமரிசன நோக்கோடு வாசிக்கும் உரைநடையே தேவை. 'புன்வெற்றிடம்' வெற்றிடமன்று எனவும், 'நிறமூர்த்தம்' தன்னியல்பில் நிறமற்றது எனவும், 'இழைமணி' மணி மட்டுமன்று எனவும் சொல்லி, அப்பெயர்கள் எவ்வாறு வந்தன என்பதையும் கூடவே உரைக்கும் நூல்கள் எழுதப்படல் வேண்டும். ஒவ்வொரு பெயரும் ஒருகாலத்து அறிவின் எல்லையைக் காட்டிநிற்பது. அவ்வெல்லையை அறிந்த மாணவனே அதற்கு அப்பால் நோக்கத் துணிவான். அதற்குரிய சொல்வளம் நம்மிடம் ஏலவே உண்டு. அதனை வாக்கியமாக்கும் பணியே எஞ்சியுள்ளது.