சுவரில் எழுதிய எதிர்பார்ப்பும் எழுதாத எதிர்பார்ப்பும்

ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பு அறைகளுக்குப் போனால் சுவரில் ஒரு சார்ட் இருக்கும். 'வகுப்பறை விதிகள்' என்று வண்ண ஸ்கெட்ச்சில் தலைப்பு. அதற்குக் கீழே: அமைதியாக இருக்க வேண்டும். ஆசிரியர் கேட்டால் மட்டும் பேச வேண்டும். வீட்டுப்பாடம் முடித்து வர வேண்டும். நோட்டுக்கு அட்டை போட வேண்டும். ஜாமெட்ரி பாக்ஸ் கொண்டு வர வேண்டும்.

கள்ளக்குறிச்சி பக்கமும், மேலே கல்வராயன் மலையிலும் நான் பார்த்த சார்ட்டுகள் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை, ஏன்னா எந்த ஊருக்குப் போனாலும் இதே சார்ட்தான். ஒரு இலக்கியப் பிரதியைப் படிக்கிற மாதிரி இதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்பின் நோக்கம்.

முதலில் கண்ணில் படுவது: இந்தப் பட்டியலில் கணக்கும் இல்லை, அறிவியலும் இல்லை. ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துவிட்டால் இது எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். பிள்ளையிடம் நாம் எதிர்பார்ப்பது ஒழுங்கு மட்டும்தான். யோசனையை யாரும் கேட்கவே இல்லை.

தாளில் இருக்கும் வினைச்சொற்கள்

இத்தனைக்கும் அரசாங்கத்தின் தாளில் வேறு மாதிரிதான் இருக்கிறது. 2017-ல் என்சிஇஆர்டி வெளியிட்ட தொடக்கநிலைக் கற்றல் விளைவுகள் ஆவணத்தில் நடுநிலை வகுப்பு அறிவியலுக்கு வரும் வினைச்சொற்களைப் பாருங்கள்: வேறுபடுத்துவது, வகைப்படுத்துவது, எளிய ஆய்வு செய்து பார்ப்பது, காரணம் சொல்வது, அளப்பது, மாதிரி செய்வது. எல்லாமே பிள்ளை செய்ய வேண்டிய வேலைகள்.

கணக்குக்கும் அப்படித்தான். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக அமைத்த கணிதக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். எண்ணவும் கூட்டவும் தெரிந்தால் போதும் என்பது குறுகிய குறிக்கோள், பிள்ளையின் சிந்தனையே கணிதமயமாக வேண்டும் என்பதுதான் பெரிய குறிக்கோள் என்பது அந்த அறிக்கையின் சாரம். அதையும் எல்லாப் பிள்ளைகளுக்குமாகத்தான் சொன்னது. மலைப் பிள்ளைக்குக் குறைந்த குறிக்கோள் போதும் என்று அதில் எங்கும் இல்லை.

ஆக, தாளில் 'ஆய்வு செய்' என்று இருக்கிறது, சுவரில் 'அமைதியாக இரு' என்று இருக்கிறது. பிள்ளை தினமும் பார்ப்பது சுவரைத்தான்.

மரவள்ளிக் கணக்கு

இது என்ன பெரிய விஷயம், ஒரு சார்ட்தானே என்று கேட்கலாம். கல்வராயன் மலையை வைத்தே சொல்கிறேன்.

மலையில் பெரும்பான்மையோர் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், வீட்டில் பேசுவது தமிழ்தான். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சமவெளியில் இரண்டு மூன்று தலைமுறை படித்து முடித்த பிறகுதான் இங்கே பள்ளிக்கூடம் பரவ ஆரம்பித்தது. இன்றைக்கும் பல பிள்ளைகள் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கித்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு வகுப்பறைச் சுவர் ஒரு வீட்டுச் சுவர் மாதிரியும்தான்.

மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி முக்கியமான பயிர். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்குக்கு எடைக்கு மட்டும் விலை கிடையாது. மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்துத்தான் விலை. கிழங்கை வெளியே ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை போட்டு, அந்த வித்தியாசத்தில் அடர்த்தியைக் கண்டுபிடித்து மாவுச்சத்தைக் கணிப்பது உலகெங்கும் தெரிந்த முறை. வெளியே 5 கிலோ, தண்ணீரில் 600 கிராம் என்றால், 5000-ஐ 4400-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 1.136. அடர்த்தி கூடினால் மாவும் கூடுதல்.

இதில் ஆர்க்கிமிடீஸ் இருக்கிறார், விகிதம் இருக்கிறது, தசமம் இருக்கிறது, சதவீதம் இருக்கிறது. நடுநிலை வகுப்புக் கணக்கும் அறிவியலும் ஒரே தராசில் வந்து நிற்கிறது. பணமும் அதே தராசில்தான். ஒரு பாயிண்டுக்கு டன்னுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்கை 27 என்று எழுதிவிட்டால், 8 டன் லோடில் 2,400 ரூபாய் போச்சு. "எப்படிங்க 27 வந்தது, இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க" என்று அந்த இடத்தில் கேட்கத் தெரிய வேண்டும். ஆசிரியர் கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்று மூன்று வருஷம் பழகிய பிள்ளை அங்கே போய் எப்படிக் கேட்கும்?

இதைச் சொன்னதும் சிலர், "அனுபவத்துலயே அவங்களுக்குக் கணக்கு வந்துடும்" என்பார்கள். பாதிதான் சரி. 1985-ல் வெளியான ஒரு ஆய்வில், பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் கணக்குக் கேட்டார்கள். வியாபாரத்துக்கு நடுவே கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். 2025-ல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது. சந்தைக் கணக்கு தெரிந்த பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கு தடுமாறுகிறது, பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு தடுமாறுகிறது. தானாக ஒன்று இன்னொன்றாக மாறாது. மாற்றித் தருவதுதான் வகுப்பறையின் வேலை, அதற்கு இரண்டு பக்கமும் பேச வேண்டும்.

கேட்கக் கூடாத கேள்வி

இன்னொரு உதாரணம் கனமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது.

ஆறாம் வகுப்பில் கலவைகளைப் பிரிக்கும் முறைகள் வருகின்றன: தூற்றுதல், சலித்தல், வடிகட்டுதல். இந்த மாவட்டத்தில் அந்தப் பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை, "சார், சாராயத்துல இருக்கற விஷத்தைப் பிரிக்க முடியுமா? பார்த்தா தெரியுமா?" என்று கேட்டால் அது குறுக்குக் கேள்வியா? அதைவிட நல்ல அறிவியல் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பதிலும் இருக்கிறது. கண்ணால் தெரியாது, வாசனையை நம்ப முடியாது. மெத்தனால் 65 டிகிரி வாக்கில் கொதிக்கும், எத்தனால் 78 டிகிரி வாக்கில். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து வீட்டில் யாரும் பிரித்துவிட முடியாது, ஆய்வகச் சோதனை வேண்டும். உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது.

வகுப்பில் வீட்டு மனிதரை இழந்த பிள்ளை இருக்கலாம், ஆசிரியர் தயங்குவது நியாயம். பக்குவமாகத்தான் பேச வேண்டும். ஆனால் 'அமைதி காக்கவும்' என்ற விதி அந்தப் பக்குவத்துக்கும் இடம் தருவதில்லை. கேள்வியே வராது.

எழுதாத எதிர்பார்ப்பு

சுவரில் எழுதாத எதிர்பார்ப்பு ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'மெல்லக் கற்போர்'. ஆசிரியர் அறையில் சாதாரணமாகப் புழங்கும் சொல். எதை, யாரைவிட மெல்ல என்று யாரும் கேட்பதில்லை. ஒரு முறை ஒட்டிவிட்டால் எட்டாம் வகுப்பு வரை கூடவே வரும்.

ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-ல் எழுதிய 'பிக்மேலியன்' ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள்: ஆசிரியர் உயர்வாக நினைத்தால் பிள்ளை உயரும் என்று. அவ்வளவு எளிதல்ல. அவர்கள் கண்ட விளைவு பெரும்பாலும் முதல் இரண்டு வகுப்புகளில்தான். 1984-ல் ஸ்டீபன் ராடன்புஷ் இந்த வகை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆசிரியருக்குப் பிள்ளையை ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு மேல் தெரிந்திருந்தால் விளைவு ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: அபிப்பிராயம் சீக்கிரம் உறைந்துவிடுகிறது. புதுப் பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு ஜூன் மாத முதல் இரண்டு வாரம்தான் முக்கியம்.

நம் நாட்டு ஆய்வு இன்னும் கூர்மையானது. உத்தரப் பிரதேசக் கிராமத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேருக்குக் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது பட்டியல் சாதிச் சிறுவர்களும் மற்றவர்களும் ஒரே அளவில் போட்டார்கள். பெயரோடு சாதியையும் அறிவித்தபோது பட்டியல் சாதிச் சிறுவர்களின் எண்ணிக்கை இறங்கியது. அதே பையன், அதே புதிர், மாறியது அறிவிப்பு மட்டும். 'மலைப் பசங்க' என்று வகுப்பில் சொல்வதும் ஒரு அறிவிப்புதான்.

2025-26-ல் தமிழக அரசு 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை 'திறன்' திட்டத்தைக் கொண்டு வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை விட்டுப்போனவர்களுக்குத் தனிக் கவனம். தேவையான வேலை, சந்தேகமில்லை. என் கவலை இரண்டு. தனியாக உட்கார்ந்த பிள்ளை எப்போது திரும்பி வரும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து, அடிப்படைப் பட்டியலில் அறிவியல் இல்லை. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் சோதனைப் பொருட்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வந்து போகிற சோதனை தினசரி வகுப்புக்கு ஈடாகாது.

ஆசிரியர் பக்கம்

நியாயமாகப் பேசினால் ஆசிரியர் அமைதி கேட்பதற்குக் காரணம் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் சேர்த்துக் குறைந்தது ஒரு ஆசிரியர் இருந்தால் போதும். அந்த ஒருவர் விடுப்பில் போனால் இரண்டு பாடமும் நின்றுவிடும். இருப்பவர் பதிவேடு, செயலி, தேர்வு என்று ஓடுகிறார். சத்தம் இல்லாத வகுப்பு அவருக்கு மூச்சு விடும் நேரம். ஆனால் அதே சட்டம்தான் பிள்ளை பயமில்லாமல் கருத்துச் சொல்ல வேண்டும், செய்தும் தேடியும் கற்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தை மதிப்பதென்றால் அதையும் சேர்த்துத்தான் மதிக்க வேண்டும்.

எனக்கு ஒரு சார்ட் எழுதக் கொடுத்தால் இப்படி எழுதுவேன்:

1. விடை சொன்னால் எப்படி வந்தது என்றும் சொல்லு. தப்பான விடைக்கும் இது உண்டு.
2. அளக்க முடிவதை அளந்து பார், அப்புறம் சொல்லு.
3. புரியவில்லை என்றால் எந்த வரியில் புரியவில்லை என்று காட்டு.
4. வீட்டில், காட்டில் பார்த்த கணக்கு ஒன்றை வாரம் ஒரு தடவை கொண்டு வா.
5. ஆசிரியரும் இதையெல்லாம் செய்வார். தெரியாததை 'தெரியாது, தேடிச் சொல்றேன்' என்பார்.

ஐந்தாவதுதான் இப்போதைய சார்ட்டுகள் எதிலும் நான் பார்க்காதது. எதிர்பார்ப்பு ஒரு பக்கமாக மட்டும் ஓடினால் அது உத்தரவு. இரண்டு பக்கமும் ஓடினால்தான் பிள்ளை அதை நம்பும். அந்த நம்பிக்கையோடு எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளை, தராசுக்காரரிடம் "இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க" என்று சொல்லும்.