கொடியும் கமராவும்

விளையாட்டைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுத வேண்டிய தேவை யாது என்று வாசகர் சிலர் வினவக்கூடும். இலக்கியம் மக்கள் வாழ்விலிருந்து பிறப்பது என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டோர், அம்மக்கள் எங்கே கூடுகின்றனர், எதைப் பற்றிக் குரலை உயர்த்திப் பேசுகின்றனர் என்பதையும் கவனித்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டு இளைஞர் இன்று விதியை எடுத்துக்காட்டியும், சான்று கேட்டும், எதிர்வாதத்தைப் பிரித்துப் பார்த்தும் விவாதிக்கும் பொருள் ஒன்று உண்டு. உதைபந்தாட்டத்தில் ‘ஓவ்சைட்’ தீர்ப்பு வழங்கும் முறையும், அத்தீர்ப்பைக் கமராவின் துணைகொண்டு மீளாய்வு செய்யும் முறையுமே அப்பொருள். ஒரு செய்யுளுக்கு இரண்டு பொருள் கொள்ளலாமா என்று வகுப்பிலே கேட்டால் தலைகுனிந்திருக்கும் மாணவன், மாலையில் வாசிகசாலைத் திண்ணையிலிருந்து ஓர் ஆட்டக்காரனின் பாதம் எங்கே நின்றது என்பது பற்றி அரைமணி நேரம் வாதாடுகின்றான். இதனை வீண்பேச்சு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இவ்விவாதத்தில் இரு கட்சிகள் உள. ஒரு கட்சியினர், மனிதக் கண் தவறும், கமரா தவறாது, ஆதலின் தீர்ப்பைக் கமராவிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்பர். மறு கட்சியினர், தவறும் விளையாட்டின் ஒரு கூறுதான், கோல் அடித்தவன் கொண்டாடுவதற்கும் மூன்று நிமிடம் காத்து நிற்பதாயின் ஆட்டத்தில் உயிர் எங்கே என்பர். இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. எனினும் இரண்டும் வினாவின் வேரைத் தொடவில்லை என்பது என் கருத்து.

முதலில் இரண்டாவது கட்சியை நோக்குவோம். மனிதத் தவறு அழகானது என்று சொல்வோர் பெரும்பாலும் அத்தவறினால் நட்டமடையாதவர்களே. 1986ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் மரடோனா கையினால் அடித்த கோலை நமது முற்போக்கு நண்பர்கள் பலர் இன்றும் புன்னகையோடு நினைவுகூர்வர். தோற்றது இங்கிலாந்து; அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே மல்வினாஸ் தீவுகளுக்காக இரு நாடுகளும் போரிட்டிருந்தன. ஆதலின் அக்கை நமக்கு ஓர் ஒடுக்கப்பட்ட நாட்டின் கையாகத் தோன்றிற்று. ஆனால் 2022 நவம்பர் 22ஆம் திகதி கட்டார் நாட்டில் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே ஆர்ஜென்டீனா சவூதி அரேபியாவுக்கு எதிராக முதற் பாதியில் பந்தை மேலும் மூன்று முறை வலைக்குள் செலுத்தியும் மூன்றும் ஓவ்சைட் எனத் தள்ளப்பட்டன. இறுதியில் சவூதி அரேபியா 2–1 என வென்றது. அன்று அங்கே புகழ்பெற்ற பெயருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. வலியவனுக்கும் எளியவனுக்கும் ஒரே அளவுகோல் என்பது நாம் பழிக்கத்தக்க கொள்கையன்று. கமராவை வெறுக்கும் நண்பர்கள் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

இனி முதற் கட்சியினரிடம் வருவோம். ஓவ்சைட் கோடு ஏதோ இயற்கையிலே கிடக்கும் கோடு என்றும், கமரா அதைக் கண்டுபிடித்துத் தருகின்றது என்றும் இவர்கள் கருதுகின்றனர். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. 1863இல் இங்கிலாந்தில் முதல் விதிகள் வகுக்கப்பட்டபோது பந்துக்கு முன்னே நிற்பதே குற்றமாயிருந்தது. 1866இல், ஆட்டக்காரனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாற் போதும் என்று தளர்த்தினர். 1925இல் மூவர் இருவராயினர். அடுத்த பருவத்தில் இங்கிலாந்து லீக்கில் கோல்களின் தொகை மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடிற்று. 1990இல், இறுதிக்கு முந்திய எதிராளியோடு சமநிலையில் நிற்பவன் குற்றமற்றவன் என்று மாற்றினர். கோல் வாயிலில் வெறுமனே காத்து நின்று பந்தைத் தட்டிவிடும் சோம்பலைத் தடுப்பதற்காக மனிதர் செய்துகொண்ட உடன்பாடே இவ்விதி. ஆட்டம் மந்தமாகும்போதெல்லாம் மனிதரே அதைத் திருத்தியும் வந்துள்ளனர். சோம்பலைத் தடுக்கப் பிறந்த விதி, ஓடி உழைத்தவனின் தோள்முனை ஒரு விரற்கடை முன்னே நின்றது என்பதற்காக அவன் உழைப்பைத் தள்ளுமாயின், அளவு சரியாயிருக்கலாம். விதியின் நோக்கம் நிறைவேறிற்றா என்பது வேறு வினா.

அளவுதானும் எவ்வளவு சரியானது? தொலைக்காட்சிக் கமரா செக்கனுக்கு ஐம்பது படங்களைப் பிடிக்கின்றது எனக் கொள்வோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே செக்கனின் ஐம்பதிலொரு பங்கு கழிகின்றது. செக்கனுக்கு எட்டு மீற்றர் வேகத்தில் ஓடுபவன் அதற்குள் பதினாறு சதமமீற்றர் நகர்ந்துவிடுவான். தடுப்பவன் எதிர்த் திசையில் ஓடுவானாயின் இடைவெளி அதனினும் கூடும். பந்து காலை விட்டு நீங்கிய கணம் எந்தப் படத்தில் உள்ளது என்பதைத் திரையின் முன்னிருக்கும் ஒரு மனிதரே தெரிவுசெய்தார். 2022இல் இக்குறையைப் போக்க முயன்றனர். மைதானக் கூரையின் கீழ் பன்னிரண்டு கமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரனின் உடலிலும் இருபத்தொன்பது புள்ளிகளைச் செக்கனுக்கு ஐம்பது முறை குறித்தன. பந்தினுள் வைத்த கருவி செக்கனுக்கு ஐந்நூறு முறை செய்தி அனுப்பிற்று. முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் திரையில் தோன்றும் மெல்லிய கோட்டைப் பார்த்து, இதற்கு மேல் ஐயத்துக்கு இடமில்லை என்று கருதுவது அறிவியல் மனப்பான்மை ஆகாது. தன் அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே அறிவியல்.

கருவி சரியாயிருந்தும் தீர்ப்புத் தவறிய கதையொன்று உண்டு. 2023 செப்ரெம்பர் 30ஆம் திகதி, நம் நாட்டு நேரப்படி இரவு பத்து மணிக்கு, லண்டனில் ரொட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதின. கோல் எதுவும் விழாதிருந்த நேரத்தில் லிவர்பூலின் லூயிஸ் டயஸ் பந்தை வலைக்குள் செலுத்தினார். மைதானத்தில் கொடி உயர்ந்தது; ஓவ்சைட் என்றனர். திரையின் முன்னிருந்த நடுவர் பார்த்தார். ஆட்டக்காரர் குற்றமற்றவர் என்று சரியாகவே கண்டார். ஆனால் மைதானத்தில் கோல் வழங்கப்பட்டுவிட்டது என்று தவறாக எண்ணி, “பரிசீலனை முடிந்தது” என்ற கருத்தில் செய்தி அனுப்பினார். ஆட்டம் தொடர்ந்தது. சில கணங்களில் தவறு புரிந்தது. தொடங்கிய ஆட்டத்தை நிறுத்தித் திரும்பிச் செல்ல விதி இடந்தரவில்லை. ரொட்டன்ஹாம் 2–1 என வென்றது.

அன்றிரவு எங்களூர் இளைஞர் கொதித்ததை நானறிவேன். ஆனால் அதற்குப் பின் நிகழ்ந்ததே என் கவனத்தை ஈர்த்தது. நடுவர் அமைப்பு அன்றே தவறை ஒப்புக்கொண்டது. மூன்று நாட்களுக்குள் நடுவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட ஒலிப்பதிவையும் வெளியிட்டது. அதைக் கேட்ட பின்னர் திண்ணையிலே பேச்சின் போக்கு மாறிற்று. “விலைக்கு வாங்கிப்போட்டாங்கள்” என்று முன்னர் கத்திய ஒருவன், “பாவம் சேர், அந்தாள் பதறிப்போனது குரலிலேயே தெரியுது” என்றான். தீர்ப்பு மாறவில்லை, புள்ளிகளும் திரும்பி வரவில்லை. தீர்ப்பு எப்படிப் பிறந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வளவே அந்த ஐயத்தைத் தணித்தது.

இனி நம்மூர் மைதானங்களுக்கு வருவோம். குருநகர், நாவாந்துறை, இளவாலை, மயிலிட்டி எனக் கடலோரம் நெடுக உதைபந்தாட்டம் வேரூன்றிய மண் இது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கை மட்டத்தில் வெற்றிகள் ஈட்டிய மண்ணும் இதுவே. கட்டாரில் நிறுத்திய பன்னிரண்டு கமராக்களில் ஒன்றேனும் இங்கில்லை. எனினும் ஓவ்சைட் தகராறுக்குக் குறைவில்லை. கொடி உயர்ந்தவுடன் எழும் முதற் குரலைக் கூர்ந்து கேளுங்கள். “அவன் எங்கே நின்றான்?” என்று எவரும் கேட்பதில்லை. “கொடி பிடிக்கிறது ஆர்? அவர் எந்த ஊராள்?” என்றே கேட்கின்றனர்.

நமது விளையாட்டுக் கழகங்கள் பெரும்பாலும் ஊரின் பெயரால் எழுந்தவை. ஊருக்குள்ளும் குறிச்சி உண்டு. குறிச்சியின் பின்னே சாதி ஒளிந்திருப்பதை நாம் அறியாதவர்களல்லர். கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் நீதி மறுக்கப்பட்ட சமூகத்தில், மைதானத்தில் மட்டும் ஊதலை ஏந்தியவரை நடுநிலையாளராக ஏற்றுக்கொள்வது எளிதன்று. நடுவரின் கண்ணை எவரும் ஐயுறுவதில்லை. அவர் எந்தப் பக்கத்து மனிதர் என்பதிலேதான் ஐயம். இவ்வையத்தைத் தீர்க்கவல்ல கமரா இன்னும் ஆக்கப்படவில்லை. நாளை நமது மைதானங்களிலும் திரை வைக்கப்படுமாயின், “திரைக்கு முன்னால இருக்கிறது ஆர்?” என்ற கேள்வி மறுநாளே பிறக்கும்.

இதனை நூலறிவால் மட்டும் நான் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இரு பாடசாலைகளுக்கிடையிலான ஆட்டமொன்றில், வர வேண்டியவர் வராமையால், எல்லைக்கோட்டு நடுவராக நின்றேன். ஆடிய அணிகளுள் ஒன்று நான் படிப்பிக்கும் பாடசாலையினது. கடைசி நிமிடங்களில் வந்தணியின் பொடியன் ஒருவன் அடித்த கோலுக்குக் கொடியை உயர்த்தினேன். எங்கள் அணி வென்றது. ஒரு வாரத்தின் பின் என் மாணவனே கைத்தொலைபேசியிற் பிடித்த காணொளியைக் கொண்டுவந்து காட்டினான். “சேர், அவன் ஓவ்சைட் இல்லை.” எங்கள் தடுப்பாளன் ஒருவன் மறுபுறத்தில் நன்றாகப் பின்தங்கி நின்றிருந்தான், அவனை நான் கவனிக்கவில்லை. வேண்டுமென்று செய்ததன்று. ஆனால் வந்தணியினர் அன்று மைதானத்தைவிட்டுப் போகும்போது என்னைப் பார்த்த பார்வைக்கு அக்காணொளி முழுச் சான்றாகிவிடும்.

அப்பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுத எண்ணினேன். கிடைத்த வெற்றியை நாமே குறைத்துக்கொள்வதா என்று சிலர் கேட்டனர். அதை ஒரு நியாயமாக எடுத்துக்கொண்டு நானும் எழுதாதிருந்தேன். லண்டன் நடுவர்களின் ஒலிப்பதிவைக் கேட்ட நாளில்தான் என் செயலின் தன்மை எனக்கு விளங்கிற்று. சான்று என் கையிலிருந்தது. அதை வெளியிடும் துணிவே இருக்கவில்லை. கமராவில் நம்பிக்கை வைக்கும் நண்பர்கள் இதைச் சிந்திப்பார்களாக: எங்கள் ஆட்டத்திலும் கமரா இருந்தது, அது உண்மையையே சொன்னது, ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்களின் காதுக்கு அது எட்டவில்லை.

கருவியை எவர் ஆள்வது என்ற வினா உலகின் பிற பாகங்களிலும் எழுந்துள்ளது. சுவீடன் நாட்டுக் கழகங்களில் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களுக்கே உரியது. பணக்காரர் ஒருவர் கழகத்தை முழுமையாக வாங்கிவிட முடியாது. அவ்வுறுப்பினர் தத்தம் கழகக் கூட்டங்களில் விவாதித்து வாக்களித்தனர். பெரும்பான்மைக் கழகங்கள் எதிர்த்தமையால் 2024இல் அந்நாடு காணொளி நடுவர் முறையை அறிமுகப்படுத்துவதில்லை என முடிவுசெய்தது. நோர்வேயில் இரசிகர் மைதானத்துக்குள் மீன் பணியாரங்களை எறிந்து எதிர்ப்புக் காட்டினர். முதலிரு பிரிவுகளின் கழகங்களுட் பெரும்பான்மை இம்முறை வேண்டாம் என்றது. எனினும் 2025 மார்ச் மாதம் கூடிய சம்மேளனப் பேரவை அதனை வைத்திருப்பதென்றே முடிவுசெய்தது. இங்கிலாந்தில் 2024இல் இருபது கழகங்களுள் ஒன்று மட்டுமே இம்முறையை நீக்க வாக்களித்தது. அங்கே கழகங்களின் உரிமையாளர்களே வாக்குரிமை உடையோர். நுழைவுச்சீட்டு வாங்கியவன், தன் கண்முன்னே ஆட்டம் ஏன் நின்றது என்பதையும் அறியாது குளிரில் காத்திருந்தான். சுவீடன் எடுத்த முடிவு சரியா, நோர்வே எடுத்தது சரியா என்று தீர்ப்பளிக்க நான் முற்படவில்லை. இரண்டு இடத்திலும் அதைப் பற்றிப் பேச இரசிகனுக்கு ஓர் அவை இருந்தது என்பதையே சுட்டுகின்றேன்.

நமக்கு அத்தகைய அவை உண்டா? 2023 சனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி இலங்கைச் சம்மேளனத்தை உலக உதைபந்தாட்ட அமைப்பு இடைநிறுத்திற்று. ஓகஸ்ட் இறுதி வரை நமது அணிகள் சர்வதேசப் போட்டிகளிற் பங்குபற்ற இயலவில்லை. ஓவ்சைட் கோட்டைப் பற்றி நுணுக்கமாக வாதாடும் நம் இளைஞர், அவ்வேழு மாத இழப்புக்கு எவர் பொறுப்பு என்று வாதாடியதை நான் கேட்கவில்லை. தொலைவிலுள்ள லண்டனின் தீர்ப்பை மீளாய்வு செய்யும் அறிவு, தன் மைதானத்தை ஆள்வோரின் தீர்ப்பையும் மீளாய்வு செய்யுமளவுக்கு வளர்தல் வேண்டும்.

அதற்கு வேண்டியவை பெருஞ்செலவுக்குரியனவல்ல. 2023இல் நடந்த பெண்கள் உலகக் கிண்ணப் போட்டியில், திரையிற் பார்த்தபின் எடுத்த முடிவை நடுவர் ஒலிவாங்கியில் மைதானம் முழுதுக்கும் அறிவித்தார். நம்மூரில் ஒலிபெருக்கி இல்லாத ஆட்டம் ஏது? அதன் வழியே, கொடி ஏன் உயர்ந்தது என்று இரண்டு வசனம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆட்டத்தின் பின் இரு அணித் தலைவர்களும் நடுவரும் ஒரே மேசையிலிருந்து காணொளியைப் பார்க்கலாம். பாடசாலைகள்தோறும் மாணவருக்கும் மாணவியருக்கும் நடுவர் பயிற்சி அளிக்கலாம். எல்லா ஊரிலிருந்தும், எல்லாக் குறிச்சியிலிருந்தும் ஊதல் ஏந்துவோர் வருவாராயின் “எந்த ஊராள்” என்ற கேள்வியின் கூர் மழுங்கும்.

அப்பாடசாலைக்கு எழுதாதிருந்த கடிதத்தைச் சென்ற மாதம் எழுதி அனுப்பினேன். காணொளியையும் இணைத்தேன். அன்று கோல் அடித்த பொடியன் பாடசாலையை விட்டுப் போயிருப்பான். அவனைத் தேடிப் பிடித்துக் காட்டுமாறு அவனுடைய ஆசிரியரைக் கேட்டிருக்கின்றேன்.